எண்பது சொட்டு

நெஞ்சைத் திறந்து இதயத்துக்குப் புது வழி போட்டுத் தைத்த மறுநாள், தொண்டையிலிருந்த குழாயை எடுத்ததும் என் அத்தான் முதலில் அக்காவைக் கேட்கவில்லை. நோகிறது என்றும் சொல்லவில்லை. கட்டிலோரம் நின்ற என்னைக் கண்ணால் கிட்டக் கூப்பிட்டு, காற்றுப் போன குரலில், "சொட்டுதே?" என்றார்.

அங்கே நின்ற தாதி, அவர் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, கரண்டியில் ஐஸ் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அக்காவுக்கு விளங்கிவிட்டது. முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அத்தான், சொட்டுது," என்றேன். உண்மையில் நான் போய்ப் பார்த்து இரண்டு நாளாகியிருந்தது.

அவர் கேட்டது மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் அவர்களுடைய வீட்டுப் பேஸ்மென்டில் இருக்கும் கடல்தொட்டியைப் பற்றி. மீன்தொட்டி என்று யாராவது சொன்னால் அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மீன் அதில் ஐந்துதான். மற்றதெல்லாம் உயிருள்ள பவளம். எங்கள் திருகோணமலைப் பக்கம் அதை முருகைக்கல் என்போம். சுண்ணாம்புக்குச் சுடுகிற கல் என்ற அளவில்தான் நான் அதை அறிந்திருந்தேன். அது தின்னும், சுருங்கும், விரியும், பிடிக்காவிட்டால் செத்தும் போகும் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தைந்து வயதும் ஒரு மொன்றியல் குளிர்காலமும் தேவைப்பட்டன.

பவளம் வளர்வதென்றால் எலும்பு கட்டவேண்டும். அதற்கான சுண்ணாம்புச் சத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்கும். கடலில் அது தீராது. நாலடிக் கண்ணாடித் தொட்டியில் சில நாளிலேயே குறைந்துவிடும். ஆகவே தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் அத்தான் ஒரு சாமான் பூட்டி வைத்திருந்தார். கல்சியம் ரியாக்டர் என்று பெயர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும், பார்த்தால் ஒன்றுமில்லை. தொடைப் பருமனில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உருளை, அதற்குள் செத்த பவளத்தின் உடைசல்கள். தொட்டித் தண்ணீர் ஒரு பக்கத்தால் உள்ளே போகும். சோடாவுக்கு அடிக்கிற வாயு குமிழ் குமிழாக அதோடு கலக்கும். தண்ணீர் புளித்து உடைசல்களை மெல்ல மெல்லக் கரைக்கும். கரைந்த தண்ணீர் மறுபக்கத்தில் திருகு வைத்த ஒரு சின்னஞ்சிறு பைப்பால், அலுமாரிக்குள்ளேயே இருக்கும் அடித்தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழும். அங்கிருந்து மேலே பெரிய தொட்டிக்குப் போகும். ஊரில் சுட்ட கல்லை இங்கே காசு கொடுத்து வாங்கிக் கரைத்து, அதன் இனத்துக்கே ஊட்டுகிறோம் என்று நான் ஒருநாள் பகிடி விட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. தொட்டி விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

சிரமம் முழுவதும் அந்தச் சொட்டில்தான். குறைந்தால், உருளைக்குள் புளிப்புக் கூடி உடைசல் களியாகும், மேலே பவளங்களுக்குச் சத்துப் போகாது. கூடினால், தண்ணீர் கரைக்க நேரமில்லாமல் வெறுமனே ஓடிவிடும். இன்றைக்குக் கூட்டி நாளைக்குக் குறைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம்; பவளத்துக்குக் குறைவு பழகும், கூடுதல் பழகும், மாறிக்கொண்டிருப்பது மட்டும் பழகாது. அத்தான் பல வருடம் மினக்கெட்டுக் கண்டுபிடித்த எண், நிமிடத்துக்கு எண்பது. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றி நேரே கீழே இறங்கி, முக்காலியில் குந்தியிருந்து, மணிக்கூட்டைப் பார்த்துச் சொட்டு எண்ணிவிட்டுத்தான் மேலே தேத்தண்ணிக்கு வருவார்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பொறுப்பை என்னிடம் தந்தார். மகள் வான்கூவரில். பக்கத்தில் இருப்பது நான்தான். அதோடு நான் சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், குப்பிகளில் மருந்து நிரப்புகிற மெஷின்களைப் பராமரிக்கிற ஆள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரே அளவு விழுகிறதா என்று பார்ப்பதே என் தொழில். இவனுக்கு இது தோதான வேலை என்று நினைத்திருப்பார். என் குணம் மட்டும் அந்த வேலைக்குத் தோதானதல்ல. மெஷின் மக்கர் பண்ணினால் அதைத் திட்டுவேன். சிலவேளை உதைப்பேன்.

"மச்சான், ஒண்டையும் மாத்தாதை," என்றார் அத்தான். "எண்பது எண்டா எண்பது. குறைஞ்சாத் திருகு, கூடினாத் திருகு. மூளையைப் பாவிச்சு என்னவும் செய்து போடாதை."

காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டு நாளைக்கொருமுறை அங்கிருந்து நேரே ரொக்ஸ்பரோவுக்குக் காரை விடுவேன். பக்கக் கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது. பேஸ்மென்டுக்கு இறங்கி, அலுமாரியைத் திறந்து, போனில் நிமிடத்தை வைத்துக்கொண்டு எண்ணுவேன். முதல் நாள் எண்பது. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு பெருமை.

அடுத்தமுறை போனபோது பதினொன்று.

அந்தச் சின்ன பைப்பின் வாய் ஊசித் துவாரம். கரையாத மாவு ஒரு துணுக்கு வந்து இருந்தாலே அடைபடும் என்று அத்தான் சொல்லியிருந்தார். கழற்றி வினாகிரியில் ஊறவைத்தேன், கழுவினேன், பூட்டினேன், எண்பதுக்குத் திருகினேன். இரண்டு நாள் கழித்து வந்தால் ஒரு சொட்டுமில்லை. அதற்கடுத்த முறை நாற்பது. பிறகு ஆறு. மறுபடி ஒன்றுமில்லை. எனக்கு விசர் பிடித்தது. உருளையின் உடைசலை வெளியே எடுத்து அலசினேன். புதிய பைப் வாங்கிப் பூட்டினேன். மெல்லிய ஊசி விட்டுக் குத்தினேன். ரியூப்பை வெட்டிப் புதிதாக மாற்றினேன். அந்தப் பேஸ்மென்ட் முழுக்க வினாகிரி மணம். என் கார், என் கை, என் ஜாக்கெட் எல்லாம் ஊறுகாய்ப் போத்தல் மாதிரி மணந்தன. "என்ன, அச்சாறு போடுறியே?" என்று தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் நண்பன் கேட்டான்.

அக்கா மேலே இருப்பார். நான் கீழே போகும்போது, "வந்திட்டியே?" என்பார். வெளிக்கிடும்போது, "தேத்தண்ணி குடிக்கேல்லையே?" என்பார். "பேந்து அக்கா, நேரம் போட்டுது," என்பேன். ஐந்து மணி நெருக்கடிக்குள் மாட்டாமல் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரம். அத்தோடு, தோற்றுப்போன முகத்தோடு யாருடனும் இருந்து தேத்தண்ணி குடிக்க எனக்குப் பிடிக்காது.

ஆஸ்பத்திரியில் நிலைமை நினைத்ததைப்போல் போகவில்லை. ஒரு வாரத்தில் வீட்டுக்கு விடுவதாகச் சொன்னவர்கள், நெஞ்சுத் தையலில் கிருமி பிடித்துவிட்டது என்று திரும்பவும் திறந்து கழுவினார்கள். நரம்பு வழியே மருந்து ஏற்ற ஒரு பெட்டி கட்டிலோரம் வைத்தார்கள். அத்தான் ஒவ்வொரு நாளும் மெலிந்தார். ஆனால் நான் போய் நின்றவுடன் கேள்வி மாறவில்லை.

"எத்தினை?"

"எண்பது."

"கார அளவு பாத்தனியே?"

"எட்டரை நிக்குது, அத்தான்."

பச்சைப் பொய். தண்ணீரில் சத்து எவ்வளவு என்று காட்டுவது அந்தக் கார அளவு; சோதனைக் குப்பியில் நீலம் மஞ்சளாகும்வரை மருந்துத் துளிகளை எண்ணிப் பார்த்தபோது ஏழு. அடுத்த கிழமை ஆறரைக்கும் கீழே. பவளங்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஊதா நிறத்தில் கிளை கிளையாக ஒன்று உண்டு. மகள் வான்கூவருக்குப் போன வருடம் அத்தான் பெருவிரல் அளவில் வாங்கி ஒட்டியது, இப்போது விரித்த கையளவு. அதன் அடிப்பக்கத்தில் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளை ஒரு நகக்கண் மேலே ஏறியிருக்கும். நோயாளியிடம் இதை எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்கவேண்டும் என்ற ஒரு நினைப்பில்தான் அந்த மனிதர் சாப்பிட மறுக்காமல் சாப்பிடுகிறார் என்று எனக்குப் பட்டது. அவர் வரும்போது அங்கே வெள்ளை எலும்புகள் நின்றால்? அதை நினைத்து நினைத்து எனக்கு நித்திரை குறைந்தது. பயம் கூடினால் எனக்குக் கோபமாகத்தான் வரும். வீட்டில் மனைவியில் எரிந்து விழுந்தேன்.

நாலாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அக்கா வீட்டுத் தெருவில் பனி அள்ளும் அறிவிப்புப் பலகைகள் நட்டிருந்தார்கள். அங்கே நிறுத்தினால் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இடம் தேடி அலைந்து, இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தபோது நாலு மணி கடந்திருந்தது. மேலே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம்; அக்கா குளித்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் பக்கக் கதவால் கீழே இறங்கினேன். பைப்பில் சொட்டில்லை. திருகி எண்பதுக்குக் கொண்டுவந்தேன். பிறகு, உள்ளே போகும் வழியில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, தொட்டிக்குப் பின்னால் இருந்த ஒடுக்கத்துக்குள் ரோர்ச்சோடு புகுந்து சுவரோடு குந்தியிருந்தேன்.

வெளியே மங்கத் தொடங்கியிருந்தது. படியில் காலடி கேட்டது. அக்கா விளக்கு வைத்துவிட்டு வந்திருந்தார். நெற்றியில் திருநீறு, ஈரத் தலைமுடியில் துவாய். தொட்டிக்கு முன்னால் நின்று ஒரு சிட்டிகை தீனி போட்டு, "தின்னுங்கோ, தின்னுங்கோ. அவர் வந்திடுவார்," என்று மீன்களிடம் சொன்னார். சத்தம் போட்டால் வெட்கப்படுவார் என்று பேசாமல் இருந்தேன்.

பிறகு அக்கா குனிந்தார். அலுமாரியைத் திறந்தார். இரண்டு விரலால், குசினி பைப்பைப் பூட்டுவதுபோல, அந்தத் திருகை இறுக்கிப் பூட்டிவிட்டு, விரலைத் துவாயில் துடைத்தார்.

"அக்கா!"

தீனி டப்பா நிலத்தில் விழுந்து உருண்டது.

"ஐயோ, எப்பயடா வந்தனி? உயிர் போட்டுது எனக்கு!"

"இப்ப என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்? பைப்பைப் பூட்டினனான்."

"ஏன்?"

"சொட்டிக்கொண்டிருக்கு," என்றார் அக்கா. இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் அந்த ஒடுக்கத்திலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. தலை எங்கேயோ இடிபட்டது. நன்றாகக் கத்தினேன்.

"சொட்டத்தான் அது வைச்சிருக்கு! ஒரு மாசமா நான் வினாகிரியிலை ஊறவைச்சு, ஊசி விட்டுக் குத்தி, பைப்பை மாத்தி, ரியூப்பை மாத்தி, பேயன் மாதிரித் திரியிறன்! ஆஸ்பத்திரியிலை மருந்து ஏறாட்டி நீங்கள்தானே பெல் அடிச்சு நேர்ஸைக் கூப்பிடுறனீங்கள்? இதுவும் அதுதான் அக்கா! அந்தாள் கண் முழிச்ச உடனை கேட்டது இதைத்தானே!"

அக்கா படியில் இருந்துவிட்டார். டப்பாவை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றார். "என்னைக் கேக்கேல்லை எண்டும் தெரியும்."

நான் குனிந்து டப்பாவை எடுத்தேன்.

அக்கா அழவில்லை. துவாயின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தபடி மெல்லச் சொன்னார். "அவர் போன அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டது. அவர் இருக்கேக்கை எனக்கு இது கேக்கிறேல்லை. ரேடியோ பாடும், இருமுவார், படியிலை ஏறி இறங்குவார். ஆள் இல்லாட்டி மேலை குசினியிலை நிண்டாலும் கேக்குது. அம்மா என்ன சொல்லுறவ? வீட்டிலை தண்ணி சொட்டிக்கொண்டு கிடந்தா சீதேவி நிக்கமாட்டாள் எண்டு சொல்லுறவதானே? அங்கை ஆள் நெஞ்சைத் திறந்து கிடக்கிறார். இஞ்சை ஒண்டு சொட்டிச் சொட்டிப் போய்க்கொண்டே இருக்கு. நான் என்னடா செய்யிறது? விளக்கு வைச்ச கையோடை வந்து பூட்டுவன். விடிய ஞாபகம் வந்தாக் கொஞ்சம் திறந்து விடுவன். நீ திறக்கிற அளவு எனக்குத் தெரியாது."

எனக்கு என்னிலேயே வெறுப்பு வந்தது. இவ்வளவு நாளும் அடைப்பைத் தேடி மெஷினைக் குடைந்தேனே தவிர, மேல்மாடியில் ஒரு மனுசி தனியே இருக்கிறாள் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. அந்தச் சொட்டு என்ன வேலை செய்கிறது என்று அத்தானும் அவருக்குச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு இது தேவையில்லாத விஷயம் என்று இரண்டு பேரும் முடிவு கட்டியிருந்தோம். பூட்டினதும் அப்படியொன்றும் அதிசயமில்லை. தொழிற்சாலைக் கழிவறையில் யாராவது பைப்பைச் சரியாகப் பூட்டாமல் போயிருந்தால், கை காய்ந்த பிறகும் திரும்பிப் போய் அதைப் பூட்டிவிட்டு வருகிறவன் நான். எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும், ஏதாவது சொட்டினால் கை தானாகப் போகும். வீட்டுக்காரரைக் கேட்பதுகூட இல்லை.

"சத்தம் போட்டது பிழை, அக்கா," என்றேன்.

"நீ சின்னனிலையிருந்து அப்பிடித்தானே," என்று எழுந்தார். "தலையைக் காட்டு. கண்டிப்போட்டுது."

அன்றைக்கு மேலே போய் இருந்து தேத்தண்ணி குடித்தேன். ஐஸ் கட்டி ஒன்றைத் துவாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அந்தச் சொட்டு என்ன செய்கிறது என்று முதலிலிருந்து சொன்னேன். எலும்பு கட்டுவது, சுண்ணாம்பு, வாயு, எண்பது. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் அதுகளைப் பட்டினி போட்டனானே?" என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை. பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தேன்.

இனித் திறந்து வைப்பதாக அக்கா சொன்னார். ஆனால் அப்படிச் சொன்னபோதே அவருடைய கண் கீழே போகும் படியைப் பார்த்தது. அந்த வெறும் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அத்தானின் கட்டிலோரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மருந்து ரியூப்பை வெளியிலிருந்து நசுக்கி நசுக்கித் தள்ளுகிறது. பைப் இல்லை, திருகு இல்லை. என் தொழிற்சாலையிலும் சில மெஷின்களில் அதே வேலையைச் சுழல்கிற உருளிகள் செய்கின்றன. நாளுக்கு எட்டு மணித்தியாலம் நான் அவற்றின் முன்னால்தான் நிற்கிறேன். ஒரு மாதமாக இது என் மண்டையில் ஏறவில்லை! அத்தான் மூளையைப் பாவிக்காதே என்றதை நான் அவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்திருக்கிறேன்.

பழைய உருளிப் பம்ப் ஒன்றை இணையத்தில் தேடி, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாணவனிடம் வாங்கினேன். சென்னைப் பொடியன். "சார், இது லேப்ல யூஸ் பண்ணது, சூப்பரா ஓடும்," என்று தந்தான். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டினேன். உருளையிலிருந்து வரும் ரியூப்பை அது மெல்லப் பிடித்து நசுக்கி, அளந்து அளந்து தள்ளியது. மாவுத் துணுக்கு வந்தாலும் அதையும் சேர்த்துத் தள்ளியது. ரியூப்பின் நுனியை அடித்தொட்டித் தண்ணீருக்குள் தாழ்த்திவிட்டேன். சொட்டே இல்லை, சத்தமும் இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன். வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பம்பின் மெல்லிய உறுமல் மட்டும்.

"இது காணும்," என்றார். "இது மிக்ஸி மாதிரி."

எடுத்த எடுப்பில் எண்பதுக்கு விடவில்லை. பட்டினி கிடந்ததுக்குத் திடீரென்று விருந்து வைத்தால் அதுவும் கொல்லும். நாற்பதுக்குச் சமமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினேன். சோதனை செய்வதை அக்கா தானே எடுத்துக்கொண்டார். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்தைத் துளி துளியாக விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை எண்ணவேண்டும். நான் எண்ணினால் அவசரத்தில் ஒன்று பிந்தும். அக்கா மாறும் இடத்தை மயிரிழையில் பிடித்தார். நான் வேலையில் நிற்கும்போது போன் வரும்.

"ஆறே முக்கால்."

"சரி அக்கா."

இரண்டு நாள் கழித்து, "ஏழேகால். மற்றது, அந்தப் பச்சைத் தட்டு செத்துப்போட்டுது போலை. நீ வந்து பார்."

பச்சைத் தட்டுப் பவளம் செத்துத்தான் போயிருந்தது. அதை வெளியே எடுத்தபோது அக்கா பக்கத்தில் நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல ஏதோ முணுமுணுத்தார். ஊதாக் கிளையில் வெள்ளை பாதிவரை ஏறி, அங்கே நின்றது. ஒரு கிழமை பார்த்தோம், மேலே ஏறவில்லை. எட்டு வந்த அன்றைக்கு அக்கா என்னிடம் போனில் எண்ணைச் சொல்லிவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

அத்தானிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. பைப் அடைபட்டது, சிலது போய்விட்டது, இப்போது சரி என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஊதா?" என்றார். "நிக்குது, அத்தான்." அதற்குப் பிறகு கேட்கவில்லை. அக்கா கட்டிலின் மறுபக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோல் துண்டு துண்டாக விழுந்தது.

ஏழாவது கிழமையின் முடிவில் வீட்டுக்கு விட்டார்கள். நான்தான் போய் ஏற்றி வந்தேன். இருமும்போது நெஞ்சில் அணைத்துப் பிடிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையைக் கட்டிப் பிடித்தபடி காரில் இருந்தார். வீட்டுக்குள் வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. கீழே போகவேண்டும் என்றார். அக்கா மறிக்கவில்லை. ஒரு படி இறங்கி மூச்சு வாங்கி, அடுத்த படி இறங்கி, நான் முன்னால், அக்கா பின்னால், பன்னிரண்டு படிக்குப் பத்து நிமிடம் எடுத்தது.

தொட்டிக்கு முன்னால் முக்காலியில் இருத்தினோம். வெகுநேரம் பார்த்தார். பச்சைத் தட்டு இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். ஊதாக் கிளையின் வெள்ளைக் காலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட இரண்டு ஏச்சு ஏசியிருக்கலாம். பிறகு குனியப் பார்த்து முடியாமல், காலால் அலுமாரிக் கதவை இழுத்துத் திறந்தார்.

"சொட்டேல்லை," என்றார்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அவ்வளவு நாளும் பிடித்து வைத்திருந்த ஏதோ கைவிட்டுப் போனதுபோல இருந்தது.

"இல்லை அத்தான், ஓடுது, இது பம்ப். உருளி ரியூப்பை நசுக்கித் தள்ளும். நுனி தண்ணிக்கை கிடக்கு, அதாலை தெரியேல்லை. அளவெல்லாம் சரி, பாருங்கோ இந்த நம்பரை..." என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்கவில்லை. அவருக்கு நம்பர் வேண்டாம். கண்ணால் பார்க்கவேண்டும்.

அக்கா என்னைக் கையால் விலக்கினார். அவருக்கு முழங்கால் வருத்தம், நிலத்தில் இருந்தால் எழும்ப ஆள் வேண்டும். இருந்தும் அலுமாரி முன்னால் முழங்காலில் இருந்து, கையை உள்ளே விட்டு, ரியூப்பின் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அந்தச் சத்தம் பேஸ்மென்ட் முழுக்கக் கேட்டது.

"இஞ்சருங்கோ, எண்ணுங்கோ," என்றார்.

அத்தான் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். உதடு அசையத் தொடங்கியது.

"நான்தான் அதைப் பூட்டிப் பூட்டி வைச்சனான்," என்றார் அக்கா, ரியூப்பைப் பார்த்தபடி. "தம்பியிலை பிழையில்லை. சொட்டுறது எனக்குப் பயமா இருந்தது. பச்சை செத்ததும் என்னாலைதான், ஊதா வெள்ளையாப் போனதும்..."

அத்தான் ஒரு விரலைத் தூக்கினார். எண்ணும்போது பேசக்கூடாது. அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அக்கா நிறுத்தினார். கையை இறக்கவில்லை. நான் போய்ப் பிடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

"எண்பத்திரண்டு," என்றார் அத்தான் கடைசியில்.

"ரெண்டு கூடவோ?" என்றார் அக்கா.

அத்தான் அவரைப் பார்த்தார். நரைத்த தலையையும், நிலத்தில் மடிந்திருந்த முழங்காலையும், அலுமாரிக்குள் நீட்டியிருந்த கையையும்.

"கை நோகுதே?"

"இல்லை."

"அப்ப பிடி," என்றார். "இன்னொருக்கா எண்ணுவம்."